பதற்றத்துக்கு கவுன்சிலிங்: முதல் சில வாரங்களில் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் ஞாபகம் வருவது இன்ஜினியரிங் சீட்தான். என் வயதுக்காரர்கள் அப்பாவோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், கட்-ஆஃப் வரிசைப்படி உள்ளே கூப்பிடப்பட்டு, திரையில் காலி இடங்களைப் பார்த்து, சில நிமிடங்களில் அலாட்மென்ட் ஆர்டரோடு வெளியே வந்தவர்கள். மனநல கவுன்சிலிங்குக்கும் நம்மில் பலர் இதே மனநிலையில்தான் போகிறோம். ஒரு மணி நேரம் பேசுவோம், ஒரு தீர்வு சொல்வார்கள், முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி நடக்காதபோது, "சும்மா கேள்வி கேட்டுட்டே இருந்தாங்க, ஒண்ணுமே சொல்லலப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது செஷனோடு நிறுத்திவிடுகிறார்கள். என் நண்பர் வட்டத்திலேயே மூன்று பேர் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில் பதற்றத்துக்காகப் பதினாலு செஷன் போனேன். போகும்போதே வழக்கம்போல நோட்ஸ் எடுத்தேன், இது எப்படி வேலை செய்கிறது என்று படித்தும் பார்த்தேன். நான் மருத்துவன் இல்லை, பி.இ. படித்த சாஃப்ட்வேர் ஆள். ஆனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பலர் பாதியில் நிறுத்த மாட்டார்கள் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலப் பிரச்சினைகள் உள்ளவர்களில் சுமார் 85% பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று அதில் தெரிந்தது. போய்ச் சேர்ந்த மீதிப் பேரும் பாதியில் நின்றுவிட்டால் அது பெரிய நஷ்டம்.

யாரிடம் போவது?

மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்க முடிந்தவர் இந்த மூவரில் இவர் மட்டுமே.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருத்துவமனைப் பயிற்சியோடு உளவியல் படித்தவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து பதிவு எண் வைத்திருப்பார். அந்த எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

கவுன்சிலர் என்ற பெயரில்தான் எல்லா ரகமும் இருக்கிறது. உளவியலில் இரண்டு வருட முதுகலை படித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார், வார இறுதியில் ஒரு சர்டிபிகேட் வாங்கியவரும் போட்டுக்கொள்கிறார். இந்தத் துறையையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021ல் ஒரு மத்திய சட்டம் வந்திருக்கிறது. இருந்தாலும் இப்போதைக்கு நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போனிலேயே நான்கு கேள்வி கேட்கலாம்: என்ன படித்தீர்கள்? பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? தோராயமாக எத்தனை செஷன் ஆகும்? ஒரு செஷனுக்கு எவ்வளவு? நல்லவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி உண்டு. உங்களுக்கு நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல், கை நடுக்கம் புதிதாக வந்திருந்தால் முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே அறிகுறிகள் வரும், இதயத் துடிப்புக் கோளாறிலும் வரும். ஒரு இசிஜி, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து அதைத் தாண்டிவிட்டு வருவது நல்லது. படியேறும்போது நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்றால் "டென்ஷனாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

"யாராவது பார்த்துட்டா?"

மயிலாப்பூரில் இது சின்னக் கேள்வி இல்லை. மாட வீதியில் காய்கறி வாங்கப் போனாலே நாலு தெரிந்த முகம் பார்க்கலாம். அதோடு சென்னைக்காரர்கள் காதில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரே கிண்டலாகிப் போய் ரொம்ப நாளாகிறது. 1871ல் இருந்து அங்கே இயங்குகிற அரசு மனநல மருத்துவமனை அதற்குக் காரணம். சினிமா காமெடியும் அதை நன்றாக வளர்த்துவிட்டது.

அந்தச் சுவருக்கு வெளியே வேலையைக் கொண்டுவந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தார். பிறகு 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக ஸ்நேகா அமைப்பை ஆரம்பித்தார். அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். வேதனையில் இருப்பவர் பேச, இன்னொருவர் தீர்ப்பு சொல்லாமல் கேட்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உங்கள் மனநிலை, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிறது என்று தெரிந்தால், அவர்கள் வெளியே சொல்லியாக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே அவர்களாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

கம்பெனி வழியாக இலவச செஷன் கிடைக்கிறது என்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஹெச்.ஆருக்கு என்ன விவரம் போகும்?" வெறும் எண்ணிக்கை மட்டும் போகிறதா, பெயரும் போகிறதா என்பதை எழுத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதல் செஷன்: பெரும்பாலும் கேள்விகள்தான்

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஒரு படிவம் தருவார்கள். அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் எண் கேட்பார்கள். பிறகு கேள்விகள் ஆரம்பிக்கும். தூக்கம் எப்படி? எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? ஒரு நாளைக்கு எத்தனை காபி? (நான் "நாலு டம்ளர், டிகிரி காபி" என்றேன். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். காஃபீன் படபடப்பைக் கூட்டும்.) குடி, சிகரெட், வேறு மாத்திரைகள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று போகும். "செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்றும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். அது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளும் வரலாம். 2006ல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி கவலை, நிம்மதியின்மை, எரிச்சல் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 21. 5, 10, 15 என்பவை லேசான, நடுத்தர, கடுமையான என்ற கோடுகள். இதை நோய்ச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி, அடுத்த மாதம் இதே தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது.

முதல் நாள் எனக்குக் கஷ்டமாக இருந்தது வார்த்தைதான். தமிழில் நாம் "ஒரு மாதிரியா இருக்கு", "வயித்தைக் கலக்குது", "மனசே சரியில்ல" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர் அதையே மூன்றாகப் பிரித்தார்: உடம்பில் என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள். அடுத்த வாரத்துக்குள் இந்த மூன்று கட்டத்தில் குறைந்தது நாலு சம்பவத்தை எழுதி வரச் சொன்னார். லாக் ஃபைல் இல்லாமல் டிபக் செய்ய முடியாது என்பது எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

ஆக, முதல் செஷன் முடிந்து வெளியே வரும்போது கையில் அறிவுரை எதுவும் இருக்காது, எழுத வேண்டிய ஒரு வீட்டுப்பாடம்தான் இருக்கும். அது சரியாகத்தான் போகிறது என்று அர்த்தம். முதல் நாளே "பாசிட்டிவா நினைங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பி வைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

பயம் ஏன் தானாகப் போவதில்லை?

என் பிரச்சினை பறக்கும் ரயில். திருமயிலையில் ஏறி திருவான்மியூரில் இறங்கி ஆபீஸ் போகிறவன் நான். ஒரு நாள் கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் ரயில் சில நிமிடம் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கை மரத்தது, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றியது. இசிஜி நார்மல், ரத்தம் நார்மல். ஆனால் அதற்குப் பிறகு ரயில் பக்கமே போக முடியவில்லை. ஆட்டோ, பைக், வீட்டிலிருந்து வேலை என்று மாற்றிக்கொண்டே போனதில் ஐந்து மாதம் ஓடியது.

இரண்டாவது செஷனில் நடந்த உரையாடல் இது.

"ரயில்ல ஏறினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க சார்?"

"மயங்கி விழுந்துடுவேன் மேடம்."

"இந்த மாதிரி படபடப்பு இதுவரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கும்?"

"இருபது இருக்கும்."

"அதுல எத்தனை தடவை விழுந்தீங்க?"

பதில், ஒரு தடவைகூட இல்லை. காரணமும் சொன்னார். மயக்கம் வருவது பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. பீதி வரும்போது அழுத்தம் ஏறுகிறது. (ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் வருகிற பயம் மட்டும் வேறு ரகம். அதில் மயக்கம் வரலாம்.)

இதன் பின்னால் இருக்கும் விளக்கத்தை 1986ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதினார். உடம்பில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது. அதை மனசு பேராபத்து என்று படிக்கிறது. அப்படிப் படித்ததால் பயம் கூடுகிறது. பயத்தால் உடம்பு இன்னும் அடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து மனசு "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்கிறது. தானே தன்னைத் தூண்டிக்கொண்டு சுற்றுகிற வட்டம்.

தவிர்ப்பது இந்த வட்டத்துக்குத் தீனி. ரயிலில் ஏறாமல் ஆட்டோ பிடித்த உடனே நிம்மதி வருகிறது. "ஏறாததால்தான் பிழைச்சோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற டேட்டா அதற்குக் கிடைப்பதே இல்லை. அதனால்தான் எத்தனை வருடம் ஒதுங்கியிருந்தாலும் பயம் அப்படியே இருக்கிறது.

தவிர்ப்பதற்குச் சில மாறுவேடங்களும் உண்டு. எப்போதும் தண்ணீர் பாட்டில், கதவோரமாக மட்டும் நிற்பது, மனைவிக்கு போன் போட்டுக்கொண்டே போவது, சட்டைப் பையில் ஒரு மாத்திரை. இவை இருந்தால் "பாட்டில் இருந்துச்சு, தப்பிச்சேன்" என்று கணக்கு அந்தப் பக்கம் போய்விடும். கோயிலுக்குப் போவதை, சுலோகம் சொல்வதை எந்த நல்ல கவுன்சிலரும் நிறுத்தச் சொல்ல மாட்டார். ஆனால் "நூத்தெட்டு தடவை சொல்லாம வெளியே காலெடுத்து வைக்க முடியாது" என்ற நிலை வந்திருந்தால் அதைப் பற்றியும் மெதுவாகப் பேசுவார்.

ஏணி

பயப்படுகிற விஷயத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிப் படிப்படியாக நெருங்கும் முறையை 1950களில் ஜோசப் வோல்ப்பி என்ற மருத்துவர் உருவாக்கினார். இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலும், அதாவது சிபிடியிலும், அந்த ஏணி இருக்கிறது. மூன்றாவது செஷனில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட என் ஏணி இது. பக்கத்தில் இருப்பது 100க்கு எவ்வளவு பயம் என்று நான் போட்ட மார்க்.

திருமயிலை பிளாட்பாரத்தில் கால் மணி நேரம் நிற்பது, ஏறக் கூடாது: 30.
மத்தியானம், மனைவியோடு, மந்தைவெளி வரை ஒரு ஸ்டேஷன்: 40.
அதே தூரம் தனியாக: 55.
தனியாக, ஆற்றைத் தாண்டி கோட்டூர்புரம்: 75.
திருவான்மியூர் வரை, பாட்டில் இல்லாமல்: 80.
காலை ஆபீஸ் நேரத்தில், பெட்டியின் நடுவில் நின்றுகொண்டு: 90.
சனிக்கிழமை சாயந்திரம் தி.நகர் ரங்கநாதன் தெரு, ஒரு முனையிலிருந்து மறுமுனை: 90.
பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிக் கூட்டம்: 100.

ஒவ்வொரு படியையும் ஒரே வாரத்தில் பல தடவை செய்ய வேண்டும். போவதற்கு முன் "என்ன ஆகும்னு நினைக்கிறேன்" என்று எழுத வேண்டும், வந்தபின் "என்ன ஆச்சு" என்று எழுத வேண்டும். கவுன்சிலர் அறையில் நடப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி வேலை பிளாட்பாரத்தில்தான். அறையில் பேசுவது மட்டுமே சிகிச்சை என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமாக இருக்கும்.

நடுவில் மோசமாகத் தெரியும்

இந்தப் பகுதியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் என் ஜிஏடி மார்க் 14. நான்காவது வாரம் 16. குறைய வேண்டியது ஏறிவிட்டது. வீட்டில், "காசையும் கொடுத்து இன்னும் ஜாஸ்தி பண்ணிக்கிறீங்களே?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான்.

இதுவரை ஒதுங்கியிருந்த இடத்துக்குப் போக ஆரம்பித்தால் பயம் தற்காலிகமாகக் கூடத்தான் செய்யும். பலர் நிறுத்துவது சரியாக இங்கேதான். எனக்கு ஏழாவது வாரம் 11, பத்தாவது வாரம் 7. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். சிலருக்கு ஏறாமலே இறங்கும், சிலருக்கு இன்னும் நாளாகும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், பொதுவான பதற்றக் கோளாறுக்கு சிபிடி என்றால் வாரம் ஒரு மணி நேரமாக 12 முதல் 15 செஷன் என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் இரண்டாவது செஷன் என்பது ஆரம்பம்கூட இல்லை.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. பதற்றம் கடுமையாக இருந்தால் கவுன்சிலரே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்ப நாட்களில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் போன்றவை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போடுகிற மாத்திரை இல்லை அது.

சரியாகப் போகிறதா, இல்லையா?

நான் வைத்துக்கொண்ட அளவுகோல்: ஆறாவது செஷனில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். என் பிரச்சினை எப்படிச் சுற்றுகிறது என்று நானே ஒரு தாளில் வரைய முடிய வேண்டும். எங்கே போகிறோம் என்று ஒரு இலக்கு இருக்க வேண்டும். வாரா வாரம் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ஆளை மாற்றலாம். பல் டாக்டரை மாற்றுவதில்லையா? ஜாதகம் பார்க்கிறேன் என்பவர், உங்கள் ஜாதி, கல்யாணம் பற்றி உபதேசம் செய்பவர், ஆபீஸுக்கு வெளியே நட்பாகப் பழக நினைப்பவர் என்றால் ஆறு செஷன்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பயம் முழுசாக அழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது என்பது மிஷெல் கிராஸ்கே போன்ற ஆய்வாளர்களின் விளக்கம். அதனால் பழையது எப்போதாவது எட்டிப் பார்க்கும். போன மாதம் பாலத்தின் மேல் ரயில் மறுபடி நின்றது. எனக்குப் படபடத்தது. கிளம்பியதும் அடங்கியது. திருவான்மியூரில்தான் இறங்கினேன். அறுபத்து மூவர் மட்டும் இன்னும் பாக்கி. பங்குனி வரட்டும்.

முதல் நாள் எடுத்துப் போக

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பட்டியல். எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டுகள். கடைசியாகப் பதற்றம் வந்த இரண்டு சம்பவங்கள், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று. பயத்தால் செய்யாமல் விட்ட மூன்று காரியங்கள். கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாம் ஒரே தாளில் அடங்கும்.

செலவு கட்டாது என்றால் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104ம் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள். ஸ்நேகாவின் எண் 044-24640050.